இரும்புக்குள் யார்?

ஜப்பானிய சினிமாவின் ராட்சத மிருகமான காட்ஸில்லாவுக்கு எதிரிகள் என்றைக்கும் குறைந்ததில்லை. மூன்று தலைப் பறக்கும் நாகம் வந்தது, ராட்சத இறால் வந்தது, ஆலைக்கழிவைத் தின்று வளர்ந்த சேற்றுப் பூதம் வந்தது, வயிற்றில் வட்ட ரம்பம் வைத்த ஒற்றைக்கண் பறவை மாதிரி ஒன்றுகூட வந்தது. எல்லாம் வந்து, அடித்து, அடிவாங்கிக்கொண்டு போயின. காட்ஸில்லாவின் பெயரையே கெடுக்க வந்தது மட்டும் ஒன்றுதான். 1974 மார்ச் 21 அன்று ஜப்பானில் வெளியான ‘காட்ஸில்லா எதிர் மெக்காகாட்ஸில்லா’ படத்தில் அது முதலில் எதிரியாக வரவே இல்லை. காட்ஸில்லாவாகவே வந்தது.

கைஜு படங்களைப் பற்றி, அதாவது ஜப்பானிய ராட்சத மிருகப் படங்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே, “ரப்பர் உடை போட்டவர்கள் பொம்மை வீடுகளை மிதிப்பார்களே, அந்தப் படங்களா?” என்று கேட்பவர்கள் உண்டு. ஆமாம், அதேதான். எனக்கு அந்த உடையும் பிடிக்கும், பொம்மை வீடுகளும் பிடிக்கும். ஆனால் இந்த ஒரு எதிரி வரும் படங்களை மட்டும் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. காட்ஸில்லா படங்களை எடுக்கும் டோஹோ நிறுவனம், காட்ஸில்லா உருவத்திலேயே அமைந்த இந்த ரோபோவை, மெக்காகாட்ஸில்லாவை, புதிதாகச் செய்த ஒவ்வொரு முறையும் அந்த இரும்பு ஓட்டுக்குள் வேறொன்றை வைத்தது. முதல் தடவை உள்ளே ஒன்றுமே இல்லை. அப்புறம் ஒரு பெண். அப்புறம் சீருடை போட்ட விமானிகள். கடைசியில் செத்துப்போன ஒன்றின் எலும்பு. வெளியே எத்தனை ஏவுகணை இருக்கிறது என்பதைவிட உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் அந்தந்தப் படத்தின் தரத்தை முடிவு செய்கிறது என்பது என் கட்சி.

முதல் படம் வந்தபோது காட்ஸில்லாவுக்கு 20 வயது. 1954-ல் பிறந்த காட்ஸில்லா வேறு ஆள். அந்த வருடம் மார்ச் 1-ம் தேதி பிகினி தீவில் அமெரிக்கா வெடித்துப் பார்த்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், ‘ஐந்தாம் அதிர்ஷ்ட டிராகன்’ என்ற ஜப்பானிய மீன்பிடிப் படகில் இருந்த 23 பேர்மீது கொட்டியது. செப்டம்பரில் அவர்களில் ஒருவர் இறந்தார். நவம்பரில் படம் திரைக்கு வந்தது. இயக்குநர் இஷிரோ ஹோண்டா, போர் முடிந்து சீனாவிலிருந்து ஊர் திரும்பும் வழியில் ஹிரோஷிமா இருந்த நிலையைக் கண்ணால் பார்த்தவர். அவர் எடுத்த காட்ஸில்லா நடந்துபோகும்போது யாருக்கும் கைதட்டத் தோன்றாது. மருத்துவமனைத் தரையில் வரிசையாகக் கிடத்தப்பட்டிருக்கும் மனிதர்கள்தான் அந்தப் படத்தில் மனதில் நிற்பார்கள்.

20 வருடத்தில் அது கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. தொலைக்காட்சி வீட்டுக்குள் வந்து திரையரங்குக் கூட்டத்தைத் தின்றது. 1962-ல் கிங்காங்கோடு காட்ஸில்லா மோதிய படத்தை ஜப்பானில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். 70-களில் அதைக் கனவில்கூட நினைக்க முடியாது. டோஹோ 1969 முதல் பள்ளி விடுமுறைகளில் ‘சாம்பியன் திருவிழா’ என்ற பெயரில் சிறுவர்களுக்கான படங்களைக் கட்டாகக் கட்டி ஒரே டிக்கெட்டில் காட்டியது. காட்ஸில்லா அந்தத் திருவிழாவின் செல்லப்பிள்ளை ஆனது. பட்ஜெட் சுருங்கியது. பழைய படங்களின் அழிவுக் காட்சிகளையே வெட்டி ஒட்டினார்கள். சிறப்புக் காட்சிகளின் பிதாமகர் எய்ஜி சுபுராயா 1970 ஜனவரியில் இறந்துவிட, அவர் இடத்துக்கு தெருயோஷி நகானோ வந்தார். 1972 டிசம்பரில் ‘மஸிங்கர் ஸீ’ என்ற ரோபோ கார்ட்டூன் தொடர் தொலைக்காட்சியில் தொடங்கியபின் ஜப்பானியப் பிள்ளைகளுக்கு ராட்சத ரோபோ என்றால் உயிர். அப்படியிருக்க, காட்ஸில்லாவுக்கு எதிரே ஒரு ரோபோவை நிறுத்துவது எந்தத் தயாரிப்பாளருக்கும் தோன்றக்கூடிய யோசனைதான். அதைக் காட்ஸில்லாவின் தோலுக்குள்ளேயே ஒளித்து வைத்ததுதான் சாமர்த்தியம்.

மலையைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது காட்ஸில்லா. வந்ததும் வீடுகளை மிதிக்கிறது, எரிக்கிறது. படத்தில் இருப்பவர்களுக்குப் பயம் இருக்கிறதே தவிர சந்தேகம் இல்லை. காட்ஸில்லா அப்படிச் செய்யக்கூடியதுதானே! அப்போது அங்கைரஸ் வருகிறது. முதுகெல்லாம் முள், நாலு காலில் ஓடும். 1955-ல் வந்த இரண்டாவது படத்தில் காட்ஸில்லாவோடு மோதிய முதல் மிருகம் அதுதான். பின்னால் வந்த படங்களில் உற்ற தோழனாகிவிட்டது. அந்தத் தோழன் நேரே வந்து காட்ஸில்லாமீது பாய்கிறது. மனிதர்கள் குழம்புகிறார்கள். சண்டையில் ஓர் இடத்தில் காட்ஸில்லாவின் தோல் கிழிந்து உள்ளே ஏதோ பளபளக்கிறது. அடுத்த நொடி அங்கைரஸின் வாயை இரண்டு கையாலும் பிடித்துக் கிழிக்கிறது அந்தப் போலி. ரத்தம் கொட்டக் கொட்ட, மண்ணைத் தோண்டிக்கொண்டு ஓடி மறைகிறது அங்கைரஸ். சிறுவர் படம் என்கிறார்கள். ஒரு பழைய நண்பனுக்கு மட்டும் ஆள்மாறாட்டம் புரிந்து, அவனுடைய வாயே உடைக்கப்படும் இந்தக் காட்சியைப் பெரியவர்கள் படத்தில் வைத்திருந்தால் விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள்.

நமக்கு இரட்டை வேடப் படங்கள் பழக்கம். கெட்டவன் நல்லவனின் உடையைப் போட்டுக்கொண்டு ஊரை ஏமாற்றுவான், நாய் மட்டும் கண்டுபிடித்துக் குரைக்கும். இங்கே அதில் ஒரு திருகல் இருக்கிறது. போலி செய்வதெல்லாம் 1954-ன் அசல் செய்தவைதான். ஊரை மிதிப்பது, தீ வைப்பது, காரணமே சொல்லாமல் நடந்துகொண்டே இருப்பது. 20 வருடத்தில் நல்ல பிள்ளையாகிவிட்ட காட்ஸில்லாவின் முன்னால் அதனுடைய பழைய முகத்தையே கொண்டுவந்து நிறுத்துகிறது படம். இயக்குநர் ஜுன் ஃபுகுதாவும் அவருடைய குழுவும் இதை யோசித்துத்தான் செய்தார்களா என்றால், அநேகமாக இல்லை. 84 நிமிடத்தில் முடிக்க வேண்டிய விடுமுறைப் படம் அது. யோசிக்காமல் செய்திருந்தாலும் விழுந்த இடம் சரியான இடம்.

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் முகமூடி கழல்கிறது. ஒரு கட்டடத்தைப் பிளந்துகொண்டு இன்னொரு காட்ஸில்லா வருகிறது. இரண்டும் நேருக்கு நேர் நிற்கின்றன. அசலின் கதிர்வீச்சு பட்ட இடத்திலெல்லாம் போலியின் தோல் எரிந்து, உள்ளேயிருந்து வெள்ளி நிற உலோகம் தெரிகிறது. கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் வேற்றுக்கிரகத் தளபதி, இனி மறைப்பதில் பயனில்லை என்று வேடத்தைக் கலைக்கச் சொல்கிறான். மொத்தத் தோலும் எரிந்து விழ, தலை முதல் வால் வரை தகடும் ஆணியுமாக நிற்கிறது மெக்காகாட்ஸில்லா. அகிஹிகோ இகுச்சி வரைந்த அந்த வடிவத்தை இதுவரை வந்த எந்தப் புது வடிவமும் மிஞ்சவில்லை என்பேன். பின்னால் வந்தவை வழவழப்பாக, வளைவுகளோடு, விலையுயர்ந்த கார் போல இருந்தன. இது கோணல்மாணலாக, பட்டறையில் அடித்து நிமிர்த்தியது போல இருக்கும். அதனால்தான் பார்த்தவுடன் பயம் வருகிறது.

நகானோவுக்கு வெடி என்றால் கொள்ளை ஆசை. அந்த ஆலைக் காட்சியில் பின்னால் எழும் தீப்பிழம்புகள் உடைக்குள் இருந்தவர்களுக்கு எவ்வளவு அருகில் இருந்தன என்பதைப் பார்த்தாலே வியர்க்கும். கண்ணிலிருந்து கதிர், நெஞ்சிலிருந்து கதிர், விரல் நுனிகளே ஏவுகணைகள், கால் விரல்களிலும் ஏவுகணைகள், தலை சுழன்றால் சுற்றிலும் ஒரு மின்தடுப்பு. மசாரு சாட்டோவின் இசை வேறு, ஊதுகருவிகள் துள்ளும் ஜாஸ் பாணியில், சண்டையை ஒரு கிளப் நிகழ்ச்சி மாதிரி ஆக்கிவிடுகிறது. கழுத்தில் அடிபட்டு காட்ஸில்லா ரத்தத்தைப் பீய்ச்சியடிக்கும் காட்சி, சாமுராய் படங்களில் தலை விழும்போது வருவதுபோல அத்தனை உயரத்துக்கு எழும்.

இதெல்லாம் இருந்தும், உள்ளே யாரும் இல்லை. மெக்காகாட்ஸில்லாவை ஒகினாவாவின் ஒரு குகைக்குள் உட்கார்ந்து பொத்தான் அழுத்தி இயக்குகிறார்கள். இயக்குபவர்கள் கருந்துளையின் மூன்றாம் கோளிலிருந்து வந்தவர்கள். மனித முகம் போட்டிருப்பார்கள், சுட்டால் குரங்கு முகம் தெரியும். அவர்களுக்குப் பூமி வேண்டும், அவ்வளவுதான். இயந்திரத்துக்குக் கோபமும் இல்லை, பசியும் இல்லை. தோல் இருந்த வரையில் அது மர்மம். தோல் போனபின் அது ஆயுதம். முதல் பாதியில் இருந்த நடுக்கம் இரண்டாம் பாதியில் இல்லாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

அந்த இடைவெளியை நிரப்புவது ஒகினாவா. படத்தின் உயிர் உண்மையில் அங்கேதான் இருக்கிறது. ரியூக்யூ என்ற தனி அரசாக இருந்த தீவுக்கூட்டம் அது. 1609-ல் தெற்கு ஜப்பானின் சத்சுமா பகுதிப் படைகள் வந்து அடக்கின. 1879-ல் ஜப்பான் அதை முழுதாகத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 1945-ல் ஏப்ரல் தொடங்கி ஜூன் வரை நடந்த சண்டையில் தீவு மக்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் மாண்டார்கள். அதன்பின் 27 வருடம் அமெரிக்க ஆட்சி. 1972 மே 15 அன்றுதான் ஜப்பானிடம் திரும்பியது. படம் வந்தது அதற்கு இரண்டு வருடத்துக்குள். 1975-ல் அங்கே கடல் கண்காட்சி நடத்தப் போகிறார்கள் என்பதால் எங்கு பார்த்தாலும் கட்டுமானம். படத்தின் கதையே அந்தக் கட்டுமானத்தில் ஒரு பழங்குகை வெளிப்படுவதில் ஆரம்பிக்கிறது. குகைச் சுவரில் ஓவியமாக ஒரு ஆருடம்: மேகத்துக்கு மேல் கரிய மலை தோன்றும்போது ஒரு ராட்சத மிருகம் வரும், மேற்கில் சூரியன் உதிக்கும்போது காப்பாற்ற இரண்டு மிருகங்கள் வரும்.

காப்பாற்ற வரும் இரண்டில் ஒன்று கிங் சீசர். ஒகினாவாவில் வீட்டுக் கூரைகளிலும் வாசல்களிலும் ஷீசா என்ற சிங்கநாய் பொம்மைகளை ஜோடியாக வைப்பார்கள். ஒன்று வாயைத் திறந்திருக்கும், மற்றது மூடியிருக்கும். கெட்டது உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளும் காவல். அந்த ஷீசாதான் கிங் சீசராக, பாறைக்குள் தூங்கிக்கொண்டிருக்கிறது. அதை எழுப்ப அஸுமி அரச வம்சத்துப் பெண் கடற்கரையில் நின்று பாட வேண்டும். பாடுகிறாள். முழுப் பாட்டையும் பாடுகிறாள். எதிரியும் அதுவரை பொறுத்துக்கொள்வதுபோலத்தான் தெரிகிறது! இந்த மாதிரி இடங்களில் பொறுமை இழப்பவர்கள் கைஜு படம் பார்க்காமல் இருப்பதே நல்லது. கிங் சீசரிடம் ஒரு வித்தை உண்டு: எதிரி விடும் கதிரை ஒரு கண்ணில் வாங்கி மறு கண் வழியாகத் திருப்பி அனுப்பும். மெக்காகாட்ஸில்லா உடனே கதிரை நிறுத்திவிட்டு ஏவுகணைக்கு மாறுகிறது. அதன் சண்டை மூளை அவ்வளவு சுறுசுறுப்பு.

முடிவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். அடிபட்டுப்போன காட்ஸில்லா ஒரு தீவில் மின்னல் மழையில் நிற்கிறது; உடம்பில் காந்த சக்தி ஏறுகிறது. கடைசிச் சண்டையில் பறந்து தப்பப் பார்க்கும் மெக்காகாட்ஸில்லாவை அந்தக் காந்தத்தால் இழுத்துக் கட்டிப்பிடித்து, தலையைத் திருகிக் கழற்றிவிடுகிறது. மெக்காகாட்ஸில்லா டைட்டானியத்தில் செய்தது, டைட்டானியம் காந்தத்தில் ஒட்டாதே என்று கேட்கக்கூடாது. அது விண்வெளி டைட்டானியம்.

உடைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘உள்ளே யார்’ என்ற கேள்விக்கு இந்தப் படங்களில் எப்போதுமே ஒரு நேரடியான பதில் இருக்கிறது. 1954-ல் ஹருவோ நகஜிமா போட்ட முதல் உடை கிட்டத்தட்ட 100 கிலோ இருந்தது. விளக்குகளின் சூட்டில் சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. டோக்கியோவை 1-க்கு 25 என்ற அளவில் செய்திருந்தார்கள். 50 மீட்டர் மிருகம் இரண்டு மீட்டர் மனிதனாகப் பொருந்தும் கணக்கு. கேமராவை வேகமாக ஓட்டிப் படம்பிடித்து, சாதாரண வேகத்தில் காட்டினால் ஒவ்வொரு அடியும் மலை நகர்வதுபோல் விழும். நகஜிமா 1972 வரை காட்ஸில்லாவாக நடந்தார். அவர் போனபின் நடை மாறிக்கொண்டே இருந்தது. 1974-ல் இஸாவோ சுஷி, 1975-ல் தோரு கவாய் என்று ஒவ்வொரு படத்துக்கும் ஒருவர். ஆனால் அந்த இரண்டு படங்களிலும் மெக்காகாட்ஸில்லாவுக்குள் இருந்தவர் ஒரே ஆள், கசுநாரி மோரி. அசலுக்குள் ஆள் மாறிக்கொண்டே இருக்க, போலிக்குள் மட்டும் ஒருவரே நிலையாக இருந்தார்.

அவர் வேலை இன்னும் கடினம். காட்ஸில்லாவாக நடிப்பவர் தோளைக் குலுக்கலாம், தலையை ஆட்டலாம், உதைக்கலாம். மோரி உள்ளே ஆளே இல்லாததுபோல் நடிக்க வேண்டும். அவர் நன்றாக நடித்த இடங்கள் அசையாமல் நின்ற இடங்கள்தான். இரண்டு பக்கமும் காட்ஸில்லாவும் கிங் சீசரும் நிற்க, தலையை மட்டும் பின்னால் திருப்பி, முன்னும் பின்னும் ஒரே நேரத்தில் சுடும் அந்தக் காட்சியில் உடம்பு ஒரு தூண் மாதிரி நிற்கும். மனிதன் நடித்த இயந்திரம் என்பதையே மறந்துவிடுவோம்.

அடுத்த வருடமே, 1975 மார்ச் 15 அன்று, ‘மெக்காகாட்ஸில்லாவின் எதிர்த்தாக்குதல்’ வந்தது. இதுதான் என் படம். முதல் படத்தைவிட மெதுவாக நகரும், நகைச்சுவை கிடையாது, டைட்டனோசாரஸ் என்ற துணை மிருகம் பார்க்கப் பரிதாபமாக இருக்கும். ஆனாலும் இதுதான். டோஹோ நடத்திய கதைப்போட்டியில் தேர்வான யூகிகோ தகயாமா என்ற பெண் எழுதிய திரைக்கதை. 1969-க்குப் பிறகு காட்ஸில்லா பக்கமே வராமல் இருந்த ஹோண்டா திரும்பி வந்து இயக்கினார். அகிரா இஃபுகுபேவும் இசைக்குத் திரும்பினார்.

தகயாமா செய்தது இதுதான்: கட்டுப்பாட்டு அறையைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் ஒரு பெண்ணை வைத்தார். மாஃபுனே என்ற விஞ்ஞானி, கடலடி டைனோசர் ஒன்றைத் தன்னால் கட்டுப்படுத்த முடியும் என்று சொல்லி, சக விஞ்ஞானிகளால் துரத்தப்பட்டவர். மனைவி போய்ச் சேர்ந்தாள். மகள் கட்சுரா ஒரு சோதனையில் உயிர்விடும் நிலைக்குப் போகிறாள். குரங்கு முகத்தார் வந்து அவளைப் பிழைக்க வைக்கிறார்கள், பாதி இயந்திரமாக. பின்னர் மெக்காகாட்ஸில்லாவை இயக்கும் கருவியையே அவள் உடம்புக்குள் வைத்துத் தைத்துவிடுகிறார்கள். இப்போது அந்த ராட்சதனை நிறுத்த வேண்டுமென்றால் அவள் நிற்க வேண்டும்.

மாஃபுனேயாக நடித்தவர் அகிஹிகோ ஹிராட்டா. 1954-ல் காட்ஸில்லாவைக் கொல்லும் ஆயுதத்தைக் கண்டுபிடித்த செரிஸாவாவும் இவர்தான். அந்த ஆயுதம் யார் கையிலும் சிக்கக்கூடாது என்பதற்காகக் குறிப்புகளை எரித்துவிட்டு, காட்ஸில்லாவோடு கடலுக்கடியில் உயிரைவிட்ட கண்ணியமான விஞ்ஞானி. அதே நடிகர் 21 வருடம் கழித்து நரைத்த தலையோடு வந்து, கோபத்தில் தன் ஆராய்ச்சியை எதிரிக்குத் தாரை வார்க்கிறார். இந்தத் தேர்வு தற்செயலா என்பது முக்கியமில்லை. அந்த முகத்தைத் தெரிந்தவர்களுக்கு அது அடிவயிற்றில் இடிக்கும். செரிஸாவாவுக்கு மகள் இல்லை. மாஃபுனேவுக்கு இருந்தாள். அவளை உயிரோடு வைத்திருக்க ஒரே வழி எதிரியின் வேலைக்காரனாக இருப்பதுதான்.

சண்டையில் ஒரு கட்டத்தில் காட்ஸில்லா பழைய வித்தையைக் காட்டுகிறது, தலையைப் பிய்த்து எறிகிறது. போன தடவை அதோடு கதை முடிந்தது. இந்தத் தடவை கழுத்துக்குள்ளிருந்து ஒரு சின்ன லேசர் எட்டிப்பார்த்துச் சுடத் தொடங்குகிறது. மூளை தலையில் இல்லையே, எங்கோ ஓர் அறையில் ஒரு பெண்ணின் உடம்புக்குள் இருக்கிறது! அவளை விரும்பும் இளைஞன் அருகில் இருக்கிறான். தன்னைக் கொன்றுவிடச் சொல்கிறாள். அவனால் முடியவில்லை. அவளே சுட்டுக்கொள்கிறாள். மெக்காகாட்ஸில்லா நின்ற இடத்தில் நின்றுபோகிறது. காட்ஸில்லா அதைப் பள்ளத்தில் தள்ளுகிறது. ஜெயித்தது காட்ஸில்லா இல்லை என்று அந்தக் காட்சியைப் பார்த்த எந்தச் சிறுவனுக்கும் தெரிந்திருக்கும்.

அமெரிக்கத் திரையரங்குகளுக்குப் போன பதிப்பில், பிள்ளைகள் பார்க்கலாம் என்ற சான்றிதழுக்காக அந்த மரணத்தை வெட்டிவிட்டார்கள். அந்தப் பதிப்பில் மெக்காகாட்ஸில்லா ஏன் திடீரென்று ஸ்தம்பிக்கிறது என்பதற்குக் காரணமே கிடையாது. படத்தின் இதயத்தைப் பிடுங்கிவிட்டு உடையை மட்டும் ஓடவிட்டார்கள்.

ஜப்பானில் 10 லட்சம் பேர்கூட இதைப் பார்க்கவில்லை. அன்றைய கணக்கில் தொடரிலேயே குறைந்த கூட்டம். டோஹோ காட்ஸில்லாவை அலமாரியில் வைத்துப் பூட்டியது. 1984 டிசம்பர் வரை திறக்கவில்லை. ஹோண்டா இதற்குப் பிறகு தனியாக எந்தத் திரைப்படத்தையும் இயக்கவில்லை. பழைய நண்பரான இயக்குநர் அகிரா குரோசாவாவிடம் போய், அவருடைய கடைசிப் படங்களில் துணையாக நின்றார். காட்ஸில்லாவைப் பெற்றவரின் கடைசிப் படம், ஒரு பெண்ணைக் கொன்றால்தான் நிற்கக்கூடிய இயந்திரத்தைப் பற்றியது என்பதை யாராவது உட்கார்ந்து திட்டமிட்டிருக்க முடியாது.

1993 டிசம்பரில் வந்த படத்தைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். இதில் மெக்காகாட்ஸில்லாவைக் கட்டுவது மனிதர்களே. ஐக்கிய நாடுகளின் பெயரில் ஒரு படை, 120 மீட்டர் உயரம், உள்ளே நாற்காலியில் அமர்ந்து ஓட்டும் விமானிகள். காட்ஸில்லாவோ தன் இனத்துக் குட்டி ஒன்றைத் தேடி வருகிறது. யோசித்துப் பார்த்தால் மனிதன்தான் வில்லன். படமும் அதை லேசாகத் தொட்டுவிட்டு, அழகான கதிர் சண்டைகளுக்குப் போய்விடுகிறது. இஃபுகுபேயின் இசை பிரமாதம். மெக்காகாட்ஸில்லாவின் முதுகில் வந்து பொருந்தும் விமானத்துக்கு கருடா என்று பெயர். ஆமாம், நம் கருடன்தான், பௌத்தத்தோடு ஜப்பான் போனவர். பெருமாளைச் சுமந்தவர் பீரங்கியைச் சுமப்பதைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது.

2002-ல் மசாகி தெஸுகா இயக்கிய படத்தில்தான் மறுபடியும் உள்ளே ஏதோ இருக்கிறது. 1954-ல் செத்த முதல் காட்ஸில்லாவின் எலும்புக்கூட்டைக் கடலுக்கடியிலிருந்து எடுத்து, அதைச் சுற்றி இயந்திரத்தைக் கட்டுகிறார்கள். பெயர் கிர்யூ. (பழைய படத்தில் எலும்பும் கரைந்துபோனதே என்று நினைவிருப்பவர்கள் கண்ணை மூடிக்கொள்ளவும்.) அதன் கணினி காட்ஸில்லாவின் மரபணுவில் ஓடுகிறது. முதல் சண்டையில் எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போது எதிரே நிற்கும் காட்ஸில்லா ஒரு கர்ஜனை விடுகிறது. கிர்யூவுக்குள் எலும்பு விழித்துக்கொள்கிறது. கண் சிவக்கிறது. காட்ஸில்லா திரும்பிக் கடலுக்குப் போய்விடுகிறது. கிர்யூ நகரத்தை இடிக்கத் தொடங்குகிறது. அதை நிறுத்த யாராலும் முடியவில்லை. சார்ஜ் தீரும்வரை எல்லோரும் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். பாதுகாப்புக்கென்று அரசு கட்டிய ஆயுதம் சொந்த ஊரை இடிக்க, கட்டியவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்தக் காட்சிக்கு வசனமே தேவையில்லை.

அதை ஓட்டும் அகானே என்ற படைவீராங்கனை, தன் பிழையால் சகவீரர்கள் இறந்துவிட்ட குற்ற உணர்ச்சியோடு இருப்பவள். விஞ்ஞானி ஒருவரின் சின்ன மகள், கையில் செடித்தொட்டியோடு திரியும் பெண், கிர்யூவும் ஓர் உயிர்தானே, அதை ஏன் சண்டைக்கு அனுப்புகிறீர்கள் என்று கேட்கிறாள். பெரியவர்கள் யாரிடமும் சரியான பதில் இல்லை. கடைசிச் சண்டைக்கு கிர்யூவுக்கு மின்சாரம் போதாமல் டோக்கியோவின் விளக்குகளை எல்லாம் அணைத்து அதற்கு ஏற்றுகிறார்கள். நம்மூரில் அறிவிக்காமலேயே அணைப்பார்கள், அது வேறு விஷயம்.

அடுத்த வருடம் வந்த தொடர்ச்சியில் மோத்ரா என்ற ராட்சத அந்துப்பூச்சியின் இரட்டைத் தேவதைகள் வந்து, செத்ததின் எலும்பைத் தொட மனிதர்களுக்கு உரிமை இல்லை, கடலிடமே திருப்பிக் கொடுங்கள் என்கிறார்கள். அவர்கள் பேசுவது ஒரு முதியவரிடம். நடித்தவர் ஹிரோஷி கோய்ஸுமி, 1961-ன் முதல் மோத்ரா படத்தில் நடித்த அதே பாத்திரத்தில், 42 வருடம் கழித்து. 1974 படத்திலும் பேராசிரியராக வந்தவர் இவர். முடிவில் கிர்யூ யார் உத்தரவையும் கேட்பதில்லை. காட்ஸில்லாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கடலை நோக்கிப் பறக்கிறது. உள்ளே மாட்டிக்கொண்ட மெக்கானிக் யோஷிதோவை வெளியே தள்ளிவிடும் முன் திரையில் எழுத்து ஓடுகிறது: ‘சயோனாரா யோஷிதோ’, போய்வருகிறேன் யோஷிதோ. 1974-ல் ஒரு பொத்தானுக்கு ஆடிய இயந்திரம், 29 வருடத்தில் ஒரு மெக்கானிக்கின் பெயரைக் கற்றுக்கொண்டிருக்கிறது.

2021-ல் ஹாலிவுட்காரர்கள் செய்த மெக்காகாட்ஸில்லா தமிழிலும் பேசியது. மார்ச் 24 அன்று இங்கே திரையரங்குகளில் டப்பிங்கோடு வந்தது. அதற்குள்ளும் எலும்புதான், மூன்று தலை நாகமான கிடோராவின் மண்டையோடு. யோசனை கிர்யூவினுடையதே. ஆனால் அது விழித்துக்கொண்டதும் இயக்குநருக்கு அவசரம் வந்துவிட்டது, அடிதடிக்குப் போய்விட்டார். அடிதடி நன்றாகத்தான் இருந்தது. மண்டையோட்டுக்கு என்ன தோன்றியது என்று கேட்க அவருக்கு நேரமில்லை.

பார்க்க நினைப்பவர்களுக்கு: 1974, 1975 படங்களை அடுத்தடுத்து, ஜப்பானிய ஒலியில் சப்டைட்டிலோடு பாருங்கள். பழைய ஆங்கில டப்பிங்கில் எல்லோரும் ஒரே குரலில் பேசுவதுபோல் இருக்கும். 1975 படத்தை ஆரம்பிக்கும் முன் அது வெட்டாத பதிப்புதானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட 83 நிமிடம் ஓட வேண்டும். 2002, 2003 இரண்டும் ஒரே கதை, பிரித்துப் பார்க்காதீர்கள். ஹிராட்டாவின் முகத்துக்காக 1954 படத்தை எல்லாவற்றுக்கும் முன்னால் பார்த்துவிட்டால் இன்னும் நல்லது. 1993 படத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.